துருத்தியால் தூசி இழுக்கும் பெட்டி: கரண்ட் இல்லாமல் வீட்டிலேயே செய்யும் முறை

கரண்ட் இல்லாமல் தூசியை இழுத்தெடுக்கிற ஒரு பெட்டியை வீட்டிலேயே செய்யலாம். பிளைவூட், ரெக்சின், கொஞ்சம் மெல்லிய தோல், ஒரு ஹோஸ், ஒரு பழைய வேட்டி. இவ்வளவும் கையில் இருந்து, பொறுமையாக ஒட்டத் தெரிந்தால் போதும். நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஆர்மோனியம் பழுது பார்க்கிறவன். பட்டறை அப்பாவுடையது. பஜனைக் குழுக்களின் ஆர்மோனியமும், தேவாலயங்களில் கிடந்து பழுதான மிதி ஓர்கனும் எங்கள் மேசைக்கு வரும். இரண்டையும் திறந்து பார்த்துப் பழகியவனுக்கு, நூறு வருஷத்துக்கு முந்திய கைத் தூசி இயந்திரம் புதுச் சாமானே இல்லை.

ஆர்மோனியத்தில் துருத்தியை அழுத்தினால் காற்று உள்ளே தள்ளப்பட்டு, சுரம் எழுப்பும் மெல்லிய உலோகத் தகடுகளான ரீட்களின் ஊடாக வெளியே வரும். அமெரிக்க வகை மிதி ஓர்கனில் இதற்கு நேர்மாறு: மிதிக்க மிதிக்கத் துருத்தி உள்ளே இருக்கிற காற்றை வெளியே எடுத்துவிடும், அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று ரீட்களின் ஊடாக உள்ளே ஓடும். துருத்தி ஒன்றுதான். உள்ளே இருக்கிற தோல் நாக்கு, அதாவது காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுகிற மூடி, எந்தப் பக்கம் திறக்கிறது என்பதில்தான் வித்தியாசம் முழுவதும். மிதி ஓர்கனில் ரீட் இருக்கும் இடத்தில் ஒரு குழாயைப் பூட்டிவிட்டால் அது தூசி இழுக்கும். அமெரிக்காவில் நியூ ஜேர்சியின் ராவே நகரில் இசைப்பெட்டி செய்துகொண்டிருந்த ரெஜினா கம்பெனி, பிறகு கையால் இயக்கும் தூசி இயந்திரங்கள் செய்யத் தொடங்கியதைப் படித்தபோது, அந்தப் பட்டறையில் இருந்தவர்களுக்கு அது எவ்வளவு இலகுவாக வந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

கரண்ட் மெசின் கடையில் கிடைக்கிறபோது இது எதற்கு என்று கேட்பீர்கள். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனதை ஒருவரும் மறந்திருக்க மாட்டோம். ஆனால் எனக்கு அதுவல்ல பெரிய காரணம். கரண்ட் மெசினின் இழுவை சில சாமான்களுக்குத் தாங்காது. ஆடிவேல் நெருங்கும் நாட்களில் வெளியே எடுக்கிற வெல்வெட் குடை, சரிகை போட்ட திரைச்சீலை, அட்டை கழன்ற பழைய புத்தகம், ஆர்மோனியத்தின் ரீட் வரிசை. இவற்றில் கரண்ட் மெசினின் வாயை வைத்தால் சரிகை நூல் எழும்பும், தாளின் ஓரம் உள்ளே போய்விடும். தும்புத்தடியாலோ துணியாலோ தட்டினால் தூசி இடம் மாறுமே தவிர வெளியேறாது. காலி வீதிப் பக்கத்து வீடுகளில் புகைக்கரியும் கடற்காற்றின் உப்பீரமும் சேர்ந்து, தூசியே ஒரு பிசுக்காகத்தான் படியும். அதைத் தட்டுவது அதைத் தேய்த்து உள்ளே ஏற்றுவதுதான்.

செய்யத் தொடங்குமுன் பழைய ஆக்கள் எப்படி யோசித்தார்கள் என்று பார்ப்பது நல்லது. அளவுகள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. 1860 இல் அயோவா மாநிலத்தின் டானியல் ஹெஸ், சுழலும் தூரிகைக்கு மேலே துருத்தியை வைத்து ஒரு காப்புரிமை எடுத்தார். இழுத்த காற்றைத் தண்ணீரின் ஊடாக விட்டுத் தூசியைப் பிடிப்பது அவருடைய யோசனை. 1869 இல் சிக்காகோவின் ஐவ்ஸ் மெக்காஃபி துருத்தியை விட்டு விசிறிக்குப் போனார். அவருடைய ‘வேர்ல்விண்ட்’ மரத்தாலும் கன்வஸாலும் ஆனது. கைப்பிடியின் மேலே ஒரு சுழற்றி, அதிலிருந்து ஒரு பட்டி கீழே போய் விசிறியைச் சுற்றும். தள்ளவும் வேண்டும், அதே நேரம் சுற்றவும் வேண்டும். 25 டொலருக்கு விற்றார்கள்.

பார்வைக்கு அழகான இயந்திரம். ஆனால் கையால் சுற்றும் விசிறியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 20 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள விசிறியை நிமிஷத்துக்கு 1000 சுற்று சுழற்றினாலும் இதழின் நுனி செக்கனுக்குச் சுமார் 10 மீற்றர்தான் போகும். அந்த வேகத்தில் வரக்கூடிய இழுவை, குழாயில் தண்ணீரை ஒரு சென்ரிமீற்றர் சொச்சம் உயர்த்துகிற அளவு. ஸ்ட்ரோ வைத்துத் தம்பிலி குடிக்கிற பிள்ளை இதைவிடப் பல மடங்கு இழுக்கும். விசிறியின் இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. ஆயிரக்கணக்கான சுற்றில் மோட்டர் சுழற்றினால்தான் அது வேலைக்கு ஆகும். 1908 இல் ஒஹாயோவின் ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர் கரண்ட் மோட்டரோடு காப்புரிமை எடுத்தபோது விசிறிக்கு உரிய இடம் கிடைத்தது. கைக்கு உரியது துருத்தி, அல்லது நீளமான பம்ப். மெதுவாக அசைத்தாலும் காற்று போக வேறு வழியில்லாவிட்டால் அது இழுத்தே தீரும்.

ஊதுவதா உறிஞ்சுவதா என்பதும் தானாகத் தெளிந்த விஷயம் அல்ல. லண்டனில் அந்தக் காலத்தில் காட்டப்பட்ட ஒரு இயந்திரம் தூசியை ஊதிக் கிளப்பியது. அதைப் பார்த்த ஹியூபேர்ட் சிசில் பூத், 1901 இல், ஒரு உணவகக் கதிரையின் மெத்தையில் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார். தூசி துணியில் தங்கியது. துணியின் ஊடாக உறிஞ்சு, தூசி துணியில் நிற்கட்டும்: நாம் செய்யப்போகிற பெட்டியின் பாதி அந்தக் கைக்குட்டையில் இருக்கிறது. பூத்தின் இயந்திரம் பெற்றோல் எஞ்சின் பூட்டிக் குதிரை வண்டியில் வந்தது. வீட்டில் ஒரே ஆள் இயக்கக்கூடியதை 1905 இல் பேர்மிங்காமின் வோல்ட்டர் கிரிஃபித்ஸ் செய்தார்: துருத்தி, கழற்றக்கூடிய வளையும் குழாய், அதன் முனையில் மாற்றி மாற்றிப் பூட்டும் வாய்கள். 1910 அளவில் இன்னும் பல வந்தன. ‘கொட்டன்’ என்ற இயந்திரத்தில் பலகையில் ஏறி நின்று இடமும் வலமுமாகச் சாய வேண்டும், காலுக்குக் கீழே இரண்டு துருத்தி மாறி மாறி இயங்கும். ‘பேபி டெய்சி’யில் ஒருவர் நிமிர்ந்த தடியை முன்னும் பின்னும் ஆட்டுவார், மற்றவர் குழாயைப் பிடிப்பார். நான் செய்வது இந்த இரண்டும் கலந்தது: இரட்டைத் துருத்தி, தடியால் ஆட்டுவது.

ஒரு சம்பவத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாக்கைப் பற்றியது. கறுவாத்தோட்டப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, பாட்டனார் காலத்து மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். “தம்பி, இது ஊதுது, இழுக்குதில்லை. போன இடத்தில புதுத் தோல் போட்டவை” என்றார். திறந்து பார்த்தேன். ஒட்டியவர் நல்ல தோலை, நல்ல பசையால், துப்புரவாக, பலகையின் மறுபக்கத்தில் ஒட்டியிருந்தார். ஆர்மோனியத்தில் இருக்கிறபடியே செய்துவிட்டார். அதைக் கழற்றி மற்றப் பக்கம் ஒட்டியதும் பெட்டி இழுத்தது, வேறு எந்த வேலையும் தேவைப்படவில்லை. பழைய இயந்திரம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் முதலில் நாக்கின் பக்கத்தைப் பாருங்கள்.

இனி வேலைக்கு வருவோம். பலகைக்கு 12 மில்லிமீற்றர் பிளைவூட். பழைய சோனகத் தெருவில் ஏறி இறங்கினால் வெட்டியே தருவார்கள். ரெக்சினுக்கு ஓட்டோ சீட் தைக்கிற கடைக்குப் போங்கள், இருப்பதில் மெல்லியதைக் கேளுங்கள், தடித்தது மடியாது. நாக்குக்கு ஆட்டுத்தோல், செருப்பின் உள்ளே வைக்கிற மெல்லிய தோல் போதும். ஹோஸ் 3 சென்ரிமீற்றர் உட்குறுக்களவு, சுருள் வரி போட்டது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸ் இழுவையில் சப்பையாகிவிடும். பசை இரண்டு வகை: பலகைக்குத் தச்சர் பாவிக்கிற வெள்ளைப் பசை, ரெக்சினுக்கு செருப்புத் தைப்பவர் பாவிக்கிற மஞ்சள் ரப்பர் பசை. அப்பா காலத்தில் எல்லாவற்றுக்கும் வச்சிரம் என்கிற மிருகத்தோல் பசைதான் காய்ச்சினோம். கொழும்பு ஈரத்தில் அது இளகும், கரப்பான் அரிக்கும். இந்தப் பெட்டிக்கு வேண்டாம்.

அடியில் ஒரு காற்றுப்பெட்டி: 60 க்கு 40 சென்ரிமீற்றர், உயரம் 8, ஆறு பக்கமும் மூடியது. மூலைகளை உள்ளே பசையால் மெழுகிவிடுங்கள். அதன் மேலே இரண்டு துருத்தியும் பக்கத்தில் பக்கமாக உட்காரும். ஒவ்வொன்றும் முன்பின்னாக 30, அகலம் 20, நடுவில் 10 சென்ரிமீற்றர் இடைவெளி. பின்பக்கம் பிணைச்சல்; முன்பக்கம் 10 சென்ரிமீற்றர் திறக்கும். அப்படித் திறக்கும்போது ஒரு துருத்தி 3 லீற்றர் காற்றை எடுக்கும். தடியை ஒரு செக்கனில் போய்வர ஆட்டினால் இரண்டும் சேர்ந்து 6 லீற்றர்.

காற்றுப்பெட்டியின் மேல்பலகையில், ஒவ்வொரு துருத்திக்கும் அடியில், 2 சென்ரிமீற்றர் குறுக்களவில் ஐந்து துளை போடுங்கள். ஐந்தும் சேர்ந்து ஹோஸின் வாயைவிட இரண்டு மடங்கு பெரிய வழி. காற்று அங்கே நெருக்குப்படக் கூடாது. துளைகளின் ஓரத்தை மெல்லிய மண்கடதாசியால் தேய்த்து, விரலை ஓட்டிப் பாருங்கள், ஒரு சிறாயும் தட்டக் கூடாது. நாக்கு துருத்தியின் உட்பக்கம், அதாவது துளைகளுக்கு மேலே படுக்க வேண்டும். தோலின் பஞ்சு போன்ற பக்கம் பலகையைப் பார்த்திருக்கட்டும், வழுவழுப்பான பக்கம் மேலே. அந்தப் பஞ்சுதான் சிறு மேடு பள்ளங்களை நிரப்பி மூடும். துளை வரிசையைவிட எல்லாப் பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் கூடுதலாக வெட்டி, நீளவாட்டின் இரண்டு நுனியையும் மட்டும் ஒட்டுங்கள். ஒட்டும்போது இழுத்துப் பிடிக்க வேண்டாம். நடுவில் ஒரு கடதாசி மட்டையைச் செருகி, பசை காய்ந்தபின் உருவி எடுத்தால் தேவையான தளர்வு தானாக இருக்கும். தடித்த தோல் மெதுவாக மூடும், அதற்குள் பாதிக் காற்று திரும்பிவிடும். தோல் கிடைக்காவிட்டால் சைக்கிள் ரியூப்பை வெட்டியும் போடலாம், ஆனால் வெக்கையில் அது பலகையோடு ஒட்டிக்கொள்ளும். ரல்கம் பவுடர் தடவி வைக்க வேண்டும்.

துருத்தியின் மேல்பலகையிலும் அதே ஐந்து துளை, அதே நாக்கு, ஆனால் வெளிப்பக்கத்தில். மேல்பலகை எழும்பும்போது கீழ்நாக்கு திறந்து காற்றுப்பெட்டியிலிருந்து இழுக்கும், மேல்நாக்கு இறுகும். இறங்கும்போது கீழ்நாக்கு மூடும், காற்று மேலே போகும்.

இப்போது சுவர். ஆர்மோனியத்தில் காற்று துணியை வெளிப்பக்கம் உப்ப வைக்கும். இங்கே துணி உள்ளே இழுபடும், மேல்பலகை இறங்கும்போது பலகைக்கு இடையில் நசிந்து கிழியும். அதனால் அட்டை இல்லாமல் வெறும் ரெக்சினில் சுவர் கட்டவே கூடாது. 2 மில்லிமீற்றர் அட்டை எடுங்கள். ஒவ்வொரு துருத்திக்கும், பக்கச் சுவர்களுக்கு முன்பக்கம் ஐந்தரை சென்ரிமீற்றர் அகலமாகத் தொடங்கிப் பின்னால் கூராகிற நான்கு முக்கோணத் துண்டு, முன்சுவருக்கு இரண்டு நீளத் துண்டு. இவற்றை ரெக்சினின் துணிப் பக்கத்தில் ஒட்டுங்கள். அந்தப் பக்கம் உள்ளே வரும். இழுவை ரெக்சினை அட்டையோடு சேர்த்து அமர்த்தும், பசைக்கு அது உதவி. துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் 3 மில்லிமீற்றர் விட்டால் மடிப்பு அங்கே விழும். மடிப்பு உட்பக்கம்தான் போக வேண்டும். முன்சுவர்த் துண்டுகளின் மூலைகளை மடிப்புக் கோட்டுப் பக்கம் சரித்து வெட்டுங்கள். சதுரமாக விட்டால் மூடும்போது மூலையில் பக்கத்து அட்டையோடு முட்டி, துருத்தி பாதியில் நின்றுவிடும். முன்மூலை இரண்டிலும் அட்டையில்லாத வெறும் ரெக்சின் ஒரு முக்கோணமாக இருக்கட்டும். பிணைச்சலுக்கு உள்ளே ஒரு பட்டி, வெளியே ஒரு பட்டி. துருத்தி முதலில் தேய்வது அங்கேதான்.

இரண்டு துருத்திக்கும் நடுவே, முன்பக்கம், ஒரு தூண். அதில் ஒரு போல்ட்டில் ஆடுகிற குறுக்குக்கட்டை, அதன் நடுவிலிருந்து 80 சென்ரிமீற்றர் தடி மேலே போகும். குறுக்குக்கட்டையின் ஒவ்வொரு கையும் 15 சென்ரிமீற்றர், அதன் நுனி துருத்தியின் மேல்பலகையோடு தடித்த கம்பியால் இணையும். கயிறு வேண்டாம், கயிறு இழுக்கும், தள்ளாது. தடியை இடம் வலமாக ஆட்டினால் ஒன்று எழும்ப மற்றது இறங்கும். எவ்வளவு பலம் வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. தண்ணீரை 20 சென்ரிமீற்றர் உயர்த்துகிற இழுவையில் ஒரு மேல்பலகையின் மேல் 12 கிலோ அமரும். பிணைச்சல் பாதியைத் தாங்கும். மீதி 6 கிலோ தடியின் நுனியில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடத்தான் தெரியும். பத்து வயதுப் பிள்ளையும் ஆட்டலாம்.

காற்று வரும் வழியில் தூசிப் பை துருத்திக்கு முன்னால் வர வேண்டும், தூசி நாக்கைத் தொடவே கூடாது. காற்றுப்பெட்டியின் பக்கத்தில் 5 சென்ரிமீற்றர் துளை போட்டு, மூடி கழற்றக்கூடிய ஒரு பிளைவூட் பெட்டியை அதோடு பொருத்துங்கள். கடைகளில் இருக்கும் சதுர பிஸ்கட் தகரம் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், ஆனால் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் பத்துக் கிலோவுக்கு மேல் அமரும், ஒவ்வொரு அசைவுக்கும் உள்ளே போய் வெளியே வரும். ஹோஸ் பெட்டிக்குள் நுழைகிற குழாயில் பையின் வாயைக் கட்டுங்கள். பை இரட்டையாகத் தைத்த பழைய வேட்டித் துணி, பலமுறை துவைத்தது, 30 க்கு 40. காற்றுப்பெட்டிக்குப் போகும் துளைக்கு முன்னால் கம்பிவலை ஒன்றை வளைத்து வைக்காவிட்டால், உப்பிய பை அந்தத் துளையைப் போய் அடைத்துவிடும். பையை ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டாம், உதறினால் போதும். துணியில் படிந்திருக்கிற மெல்லிய தூசிப் படையே அடுத்த தூசியைப் பிடிக்கும்.

வாய் விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். 10 சென்ரிமீற்றர் நீளம், 4 மில்லிமீற்றர் அகலம், அவ்வளவுதான். 6 லீற்றர் காற்று அந்த வழியால் போனால் செக்கனுக்கு 15 மீற்றர் வேகம் வரும். அதையே 25 சென்ரிமீற்றர் நீளமும் ஒரு சென்ரிமீற்றர் அகலமுமாகச் செய்தால் வேகம் இரண்டரை மீற்றருக்கும் கீழே விழும், ஒரு மயிரும் அசையாது. அகல வாய் வேலையைச் சீக்கிரம் முடிக்கும் என்று நினைக்கிறவர்கள்தான் பெட்டி இழுக்கவில்லை என்று என்னிடம் வருகிறார்கள். கைப் பலத்தில் குறை இருப்பதில்லை. காற்றுக்குப் போகக் கூடாத வழி ஏதாவது திறந்திருக்கும், அல்லது போக வேண்டிய வழி அளவுக்கு மேல் அகலமாயிருக்கும்.

செய்து முடித்ததும் சோதியுங்கள். ஹோஸின் வாயை உள்ளங்கையால் அடைத்து, யாரையாவது மெதுவாகத் தடியை ஆட்டச் சொல்லிவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி எல்லா ஒட்டு வழியாகவும் கொண்டுபோங்கள். ஓட்டை இருக்கிற இடத்தில் புகை நூலாக வளைந்து உள்ளே ஓடும். பிணைச்சலின் இரண்டு மூலையையும், தூசிப் பெட்டியின் மூடியையும் இரண்டு தடவை பாருங்கள். பிறகு தெளிந்த பிளாஸ்டிக் குழாயை வளைத்து நிறத்தண்ணீர் விட்டு, ஒரு முனையை ஹோஸோடு இறுக்கி இணைத்து ஆட்டுங்கள். இரண்டு மட்டத்துக்கும் இடையில் 20 சென்ரிமீற்றர் வந்தால் பெட்டி நல்லது. 10 க்குக் கீழே என்றால் மறுபடி ஊதுபத்தி.

பாவிக்கும்போது இரண்டு பேர் இருப்பது வசதி. வெல்வெட்டுக்கும் சரிகைக்கும், நுளம்புவலைத் துண்டு ஒன்றைத் துணியின் மேல் விரித்து, வாயை ஒரு விரல் இடைவெளியில் பிடித்து, துணியின் மயிர் படுத்திருக்கும் பக்கமாகவே போங்கள். புத்தகத்தை இறுக்கி மூடிப் பிடித்து, மேல் ஓரத்தை முதுகிலிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய பெயின்ற் பிறஷால் தடவ, தூசி வாய்க்குள் போகும். ஆர்மோனியத்தின் ரீட்டில் பிறஷைத் தொடவே வேண்டாம், வாயை மட்டும் அருகில் கொண்டுபோனால் போதும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அஸ்பெஸ்டஸ் கூரைத் தூசியையும், சுரண்டிய பழைய பெயின்ற் தூளையும் இந்தப் பெட்டியால் எடுக்காதீர்கள். வேட்டித் துணி அவற்றைப் பிடிக்காது, மேல்நாக்கு வழியாக உங்கள் முகத்துக்கே வரும். பையை உதறும்போதும் மாஸ்க் போடுங்கள், வெளியே போய் உதறுங்கள்.

வைக்கும்போது தடியை நடுவில் நிமிர்த்தி வையுங்கள், இரண்டு துருத்தியும் பாதி திறந்திருக்கும். ஒன்றை மூடியபடி மாதக்கணக்கில் விட்டால் அதன் மடிப்பு வெடிக்கும். மழை மாதங்களில் வாரத்துக்கு ஒரு தடவையாவது சும்மா ஆட்டிவிட்டால் தோல் பூஞ்சணம் பிடிக்காது. இழுவை குறைந்தால் தடியே காரணத்தைச் சொல்லும்: தடி கனமாகி இழுவை குறைந்தால் பை நிறைந்திருக்கிறது அல்லது ஹோஸில் ஏதோ அடைத்திருக்கிறது, தடி இலேசாகி இழுவை குறைந்தால் எங்கேயோ ஒட்டு விட்டிருக்கிறது, ஊதுபத்தியை எடுங்கள்.